துப்பாக்கித் தொலைகாட்டியும் தெளிந்த கண்ணாடியும்: கண்டி நாட்டு நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

குறி வைத்தல் கையின் தொழில் எனப் பலரும் கருதுவர். நுணுகி நோக்கின், அது முதற்கண் கண்ணின் தொழிலேயாகும். மரக்கிளையில் அமைத்த பறவையொன்றைக் காட்டி, காண்பது யாதெனத் துரோணர் தம் மாணாக்கரை வினாவியதும், ஏனையோர் மரத்தையும் கிளையையும் அருகிருந்தோரையும் எடுத்துரைக்க, அருச்சுனன் ஒருவனே பறவையின் தலையைத் தவிரப் பிறிதொன்றையும் காணாது நின்றதும் பாரதக் கதை கேட்டார் அனைவரும் அறிந்தனவே. வில்லுக்குப் பொருந்திய அவ்வுண்மை துப்பாக்கிக்கும் பொருந்தும். குழல் எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும், சுடுவோன் இலக்கைத் தெளியக் காணானாயின் அக்குழலால் ஆவதொன்றில்லை.

கண்ணுக்குத் துணையாக மனிதன் அமைத்த கருவி தொலைகாட்டி. அதன் உள்ளே குறுக்குக்கம்பியை அமைத்துத் துப்பாக்கியின் மேற் பொருத்தியபொழுது அது குறித் தொலைகாட்டியாயிற்று. இக்கருவியைத் தெரிவு செய்யப் புகுவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது, ‘இஃது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?’ என்பதே. ‘இதன் கண்ணாடி எத்தகையது?’ என வினவுவோர் சிலர். முதல் வினாவுக்கு விடை கருவியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வினாவுக்கு விடை காண அறிவு வேண்டும். தனி மனிதர் மட்டுமன்றிப் பேரரசுகளும் இவ்விரண்டாம் வினாவை உரிய காலத்தில் வினவாமையால் இடர்ப்பட்டன. அவ்வரலாற்றிலே கண்டி இராச்சியத்தின் கொல்லருக்கும், பேராதனைப் பூங்காவுக்கும், நம் நாட்டுத் தோட்டங்களில் உழைத்தோருக்கும் ஓரிடம் உண்டு. அதனை எடுத்துக்காட்டி, நல்ல கண்ணாடியைத் தெரிவு செய்யும் நெறியையும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியரின் துவக்கு

துப்பாக்கியை ஈழத்துத் தமிழர் துவக்கு என்பர். சிங்களவரும் அதனையொத்த சொல்லையே வழங்குவர். போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் இத்தீவை அடைந்த பின்னரே இக்கருவி இங்குப் பரவியது. ஆயினும் அதனை ஆக்கும் திறனை இந்நாட்டுக் கொல்லர் விரைவிற் கைக்கொண்டனர். இரும்புத் தொழில் அவர்களுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனல வாவிப் பகுதியில், பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு உருக்கு வடித்த பழைய உலைகள் அகழ்ந்து ஆராயப்பட்டுள்ளன. அத்தகைய மரபில் வந்தோர் செய்த துப்பாக்கிக் குழல்களின் அழகையும் பளபளப்பையும், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்தராகிய லின்சோற்றன் வியந்து பாராட்டியுள்ளார்.

சிங்களத் துவக்கிற் சில தனிப்பண்புகள் உள. பிற நாட்டுத் துப்பாக்கிகளிற் பொறியமைப்பு வலப்பக்கத்தில் இருக்க, இதில் அது இடப்பக்கத்தில் இருக்கும். அடிக்கட்டை இரு பிரிவாகப் பிரிந்து சுருண்டு முடியும். யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு அதனை அணிகலம் போல ஆக்கும். இத்துணைச் சிறப்புடைய கருவிகளிலே கண்ணாடி வில்லை ஒன்றேனும் இல்லை. அக்காலத்தில் ஐரோப்பியத் துப்பாக்கிகளிலும் அஃது இல்லை. குழலின் மேலமைந்த இரும்பு முனையும் பள்ளமுமே குறிபார்க்கத் துணையாயின.

அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. கண்டி இராச்சியத்தின் அரண் காடும் கணவாயுமே. ஒற்றையடிப் பாதைகளிலே பகைவரை வரவிட்டு, மரச்செறிவில் மறைந்திருந்து, அணித்தே நின்று தாக்குதல் கண்டியரின் போர்முறை. 1803 ஆம் ஆண்டிற் கண்டி நகரைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை அழிந்தொழிந்தது இத்தகைய நிலத்திலேயே. கண் காணுந் தூரமே சில யார் அளவினதாக இருக்கும் காட்டிலே தொலைகாட்டிக்கு வேலையில்லை.

1815 ஆம் ஆண்டில் இராச்சியம் வீழ்ந்த பின்னர் மலைநாட்டுக்கு வந்த ஐரோப்பிய வேட்டைக்காரரும் இரும்புக் குறியையே நம்பினர். நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை வாழ்க்கையை நூல்களாக எழுதியுள்ளார். யானையை மிக அணுகி நின்று சுடுதலே அவர்களின் வழக்கம். 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடியேறுண்டு இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுவர். இவ்வெண்ணிக்கையை வீரமெனப் போற்றிய காலம் போய்விட்டது. அத்துணை உயிர்கள் அழிவதற்குத் தொலைகாட்டி தேவைப்படவில்லை என்பது மட்டும் ஈண்டு நினைத்தற்குரியது. வலிய குழலொன்று, சிறந்த கண்ணாடி இல்லாமலே, ஒரு காட்டை வெறுமையாக்கப் போதியதாயிருந்தது.

கண்ணாடி தெளிந்த கதை

இரும்பின் வரலாறு இவ்வாறாக, கண்ணாடியின் வரலாறு வேறிடத்தில் வளர்ந்தது. ஒல்லாந்து நாட்டு மிடில்பேர்க் நகரின் மூக்குக்கண்ணாடி வினைஞராகிய ஹான்ஸ் லிப்பர்ஹே 1608 ஆம் ஆண்டிலே தொலைகாட்டிக்கு ஆக்கவுரிமை வேண்டினார். அடுத்த ஆண்டிற் கலிலியோ அதனை வானை நோக்கித் திருப்பினார். அவர் அமைத்த தொலைகாட்டியிற் பார்வைத்துண்டு குழிவில்லையாகும். அதனுள்ளே விம்பம் உண்மையாக விழும் இடம் இல்லாமையாற் குறுக்குக்கம்பியை அமைத்தற்கு வழியில்லை. கெப்ளர் 1611 ஆம் ஆண்டில் இரு குவிவில்லைகளைக் கொண்ட அமைப்பை விளக்கினார். இதில் விம்பம் தலைகீழாகத் தோன்றினும், குழலின் உள்ளேயே ஓரிடத்தில் உண்மையாக விழும். அவ்விடத்தில் ஒரு நூலை வைத்தால் நூலும் இலக்கும் ஒருங்கே தெளிவாகத் தோன்றும். ஆங்கில நாட்டு வில்லியம் கஸ்கொயின் 1640 ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையை உணர்ந்து, தொலைகாட்டியை அளவுக் கருவிக்குக் குறியாக்கினார். குறித் தொலைகாட்டியின் மூலவித்து அதுவே. அவர் 1644 ஆம் ஆண்டில் மார்ஸ்ரன் மூர்ப் போரில் மாண்டார்.

வித்து முளைக்க இரு நூற்றாண்டுகள் சென்றன. தடையாக நின்றது கண்ணாடியின் குறையே. ஒற்றை வில்லையினூடு செல்லும் வெள்ளொளி முறிவடையும்பொழுது, நீல ஒளி மிகுதியாகவும் செவ்வொளி குறைவாகவும் முறியும். ஆதலின் எல்லா நிறங்களும் ஓரிடத்திற் குவியா. பொருளின் விளிம்பிலே வானவில் போன்ற நிறக்கரை தோன்றி உருவத்தை மங்கச் செய்யும். இதனை நிறப்பிறழ்ச்சி என்பர். வில்லைகளைக் கொண்டு இக்குறையை நீக்கலாகாது எனக் கருதிய நியூற்றன் ஆடியைக் கொண்டு தொலைகாட்டி அமைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டிற் செஸ்ரர் மூர் ஹோல் என்பாரும், 1758 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற ஜோன் டொலண்டும், இயல்பில் வேறுபட்ட இரு கண்ணாடிகளை இணைத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று போக்கும் என்பதை நிலைநாட்டினர். சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்த கிரவுண் கண்ணாடி ஒன்று. ஈயம் சேர்ந்த பிளின்ற் கண்ணாடி மற்றையது.

ஆயின் ஈயம் சேர்ந்த கண்ணாடியைச் சீராக வார்த்தல் அரிது. ஈயம் பாரமானதாகையால் உலைக்கலத்தின் அடியிலே தங்கும். குளிர்ந்த கட்டியினுள்ளே பாகு நூல் போன்ற வரிகளும் குமிழிகளும் நிற்கும். சுவிற்சர்லாந்து நாட்டவராகிய குய்னான் என்பார், உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் கோலாற் கிளறும் முறையைக் கண்டார். பொங்கலைத் துழாவுவது போன்ற இவ்வெளிய செயலே ஒளியியற் கண்ணாடித் தொழிலின் அடிப்படையாயிற்று. அவருடன் பவேரியாவிற் பணிபுரிந்த பிரௌன்கோபர் இத்தொழிலை அளவைக்கு உட்படுத்தினார். அம்முறை பின்னர்ப் பிரான்சு வழியாக இங்கிலாந்தை அடைந்தது; 1848 ஆம் ஆண்டிற் பர்மிங்காமை அடுத்த சான்ஸ் சகோதரர் நிறுவனத்தில் ஒளியியற் கண்ணாடி வார்க்கத் தொடங்கினர்.

துப்பாக்கியின்மேல் தொலைகாட்டியை ஏற்றும் முயற்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்த டேவிட்சன் என்பார் இம்முயற்சியில் ஈடுபட்ட முன்னோடிகளுள் ஒருவர். அவர் பெயரால் வழங்கிய தொலைகாட்டி, விற்வேர்த் துப்பாக்கியின் பக்கத்திற் பொருத்தப்பெற்று, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பயன்பட்டது. எனினும் அது சிலரிடத்தே மட்டும் இருந்த அரும்பொருளாகவே நின்றது.

யேனா நகரின் உலை

ஜேர்மனியிலுள்ள யேனா சிறியதொரு பல்கலைக்கழக நகர். அங்குக் கார்ல் சைஸ் 1846 ஆம் ஆண்டிற் கருவிப் பட்டறை தொடங்கி, நுணுக்குக்காட்டிகளைச் செய்துவந்தார். அக்காலத்து வினைஞர் வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, நன்றாக அமைந்ததைக் கொண்டு, அமையாததை விலக்குவர். இவ்வழி நிறைவளியாது எனக் கண்ட சைஸ், 1866 ஆம் ஆண்டிற் பௌதிக அறிஞராகிய ஏர்ண்ஸ்ற் அபேயைத் துணைக்கொண்டார். அபே கணக்கினால் வில்லைகளை வகுத்தார். வகுத்தபொழுது தமக்கு வேண்டிய இயல்புடைய கண்ணாடி உலகில் இல்லை என்பதைக் கண்டார். இரசாயன அறிஞராகிய ஒற்றோ சொற் அக்குறையை நிறைத்தார். போரன், பேரியம் முதலிய மூலகங்களின் சேர்வைகளை அளவறிந்து கலந்து அவர் புதிய கண்ணாடிகளை ஆக்கினார். 1884 ஆம் ஆண்டில் இம்மூவரும் பிறரும் சேர்ந்து யேனாவிற் கண்ணாடி ஆய்வுச்சாலையை நிறுவினர்.

வினைஞன், கணக்கறிஞன், இரசாயன அறிஞன் ஆகிய மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தமையே யேனாவின் வெற்றிக்குக் காரணமாகும். அந்நாளில் இங்கிலாந்திடம் நிலக்கரியும் உருக்கும் கப்பலும் குடியேற்ற நாடுகளும் இருந்தன. கண்ணாடியை மட்டும் அயலாரிடம் வாங்கினால் மலிவு என அந்நாட்டார் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயன் 1914 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

இறப்பரும் கண்ணாடியும்

முதலாம் உலகப் போர் தொடங்கியபொழுது, பிரித்தானியா தனக்கு வேண்டிய ஒளியியற் கண்ணாடியில் நூற்றுக்கு 60 பங்கை ஜேர்மனியிலிருந்தும், 30 பங்கைப் பிரான்சிலிருந்தும் பெற்றுவந்தது. உள்நாட்டிற் சான்ஸ் நிறுவனம் ஆக்கியது 10 பங்கே. பகை நாடாகிய ஜேர்மனியின் வாயில் அடைபட்டது. நட்பு நாடாகிய பிரான்சுக்குத் தன் தேவையே பெரிதாயிற்று. அகழிப் போரிலோ தொலைகாட்டி இன்றியமையாததாயிற்று. ஜேர்மனியர் தம் வேட்டைக்காரரிடமிருந்த தொலைகாட்டி பொருத்திய துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பினர். பிரித்தானிய வீரர் அகழிக்கு மேல் தலையெடுக்கவும் அஞ்சினர்.

இந்நிலையில் 1915 ஆம் ஆண்டிலே, இரு பகை நாடுகளும் சுவிற்சர்லாந்து வழியாக மறைவில் ஒரு பண்டமாற்றுப் பற்றிப் பேசின. பிரித்தானியா வேண்டியது 32,000 வரையிலான இருகண் தொலைகாட்டிகள். துப்பாக்கிக் குறித் தொலைகாட்டிகளும் அப்பேச்சில் இடம்பெற்றன. ஜேர்மனி அவற்றுக்கு ஈடாகக் கேட்டது இறப்பர். கடல் முற்றுகையால் ஜேர்மனிக்கு இறப்பர் கிடைக்கவில்லை. அறிவுக் குறையாற் பிரித்தானியாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. தம்முட் பொருத நாடுகள், ஒருவரையொருவர் குறிபார்ப்பதற்குரிய கருவியையே தமக்குள் மாற்றிக்கொள்ள முன்வந்தமை வரலாற்றில் வியப்புக்குரிய செய்தியாகும். பின்னர் உள்நாட்டு உற்பத்தி பன்மடங்கு பெருகவே பிரித்தானியாவுக்கு அத்தேவை நீங்கியது.

ஈண்டுத்தான் நம் நாடு இவ்வரலாற்றினுள்ளே புகுகின்றது. பிரேசிலிலிருந்து விக்கம் என்பார் 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூப் பூங்காவுக்குக் கொணர்ந்த இறப்பர் விதைகளில் முளைத்த நாற்றுக்களுள் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் ஆளுகையில், கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. கோப்பி நோயால் அழிந்த பின்னர்த் தேயிலையோடு இறப்பரும் இத்தீவின் செல்வமாயிற்று. 1906 ஆம் ஆண்டில் இறப்பர்க் கண்காட்சியொன்று பேராதனைப் பூங்காவிலேயே நடைபெற்றது. பேரரசின் கையில் இறப்பர் இருந்ததென்றால், அதற்கு வித்திட்ட இடங்களுள் ஒன்று கண்டிக்கு அணித்தேயுள்ள இப்பூங்காவாகும்.

அவ்விறப்பரை வடித்தோர் யாவர்? விடியற்காலையிற் கத்தியும் வாளியுங் கொண்டு மலைச்சரிவில் ஏறி, பட்டையைக் கீறி, சிரட்டையிற் பாலை ஏந்தி, உச்சிவெயிலுக்குமுன் நிறைக்குக் கொடுத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அயற்கிராமத்துச் சிங்களவருமே. கேகாலை, களுத்துறை, மாத்தளைப் பகுதிகளிலே அவர்கள் வடித்த பாலின் மதிப்பு, பேரரசுகள் தம்முள் மாற்றிக்கொள்ளக் கருதிய கண்ணாடியின் மதிப்பாக ஐரோப்பாவிற் பேசப்பட்டது. அம்மதிப்பில் அவர்களுக்குக் கிடைத்தது நாட்கூலி. இதனை வெறும் இரக்கத்துக்காகக் கூறினேனல்லேன். மூலப்பொருளை விற்போரும் அறிவை விற்போரும் ஒரே சந்தையில் நிற்பினும் ஒரே விலை பெறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது.

பிரித்தானியர் பாடங் கற்றனர். 1917 ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒளியியல் நுட்பத்துக்கெனத் தனித்துறை நிறுவப்பட்டது. யப்பானும் அதே ஆண்டிலே நிப்பொன் கொகாகு என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பின்னாளில் நிக்கொன் எனப் பெயர் பெற்றது அதுவே. போர்முனையிற் பெற்ற பாடம் மற்றொன்றும் உண்டு. வேட்டைக்காரரும் எழுத்தாளருமாகிய ஹெஸ்கெத் பிறிச்சாட், படையினரிடமிருந்த தொலைகாட்டிகளை ஆராய்ந்தபொழுது, அவற்றுட் பல துப்பாக்கியோடு சரிவரப் பொருத்தப்படாமையாற் குறி தவறியிருக்கக் கண்டார். 1916 ஆம் ஆண்டில் இதற்கெனப் பயிற்சிச்சாலை தொடங்கினார். கருவி வந்துவிட்டது, கருவியை அறிந்தோர் இலர் என்பதே அவர் கண்ட குறை.

பேராதனையில் ஒரு தலைமையகம்

இரண்டாம் உலகப் போரில் இவ்வரலாறு கண்டிக்கே வந்து சேர்ந்தது. தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைவராகிய மவுண்ற்பேற்றன் 1944 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தம் தலைமையகத்தைப் புதுதில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். இம்பாலிலும் கோகிமாவிலும் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பர்மியக் காடுகளிலே மழைக்காலத்திலும் போரை நிறுத்தாது நடத்தத் துணிந்தனர்.

அந்நாளிற் பிரித்தானியக் குறிவீரரின் துப்பாக்கி, 4 ஆம் இலக்க லீ என்பீல்டு. அதன்மேற் பொருத்திய 32 ஆம் இலக்கத் தொலைகாட்டியின் உருப்பெருக்கம் மூன்று மடங்கே. யப்பானியரின் 97 ஆம் மாதிரித் துப்பாக்கியில் அமைந்த தொலைகாட்டியின் உருப்பெருக்கமோ இரண்டரை மடங்கு. அது தொழிற்சாலையிலேயே திருத்தி நிறுத்தப்பட்டது. களத்தில் வீரன் மாற்றியமைக்க இயலாதது. உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டோர் மூன்று மடங்கிலும் இரண்டரை மடங்கிலும் அமைந்தனர் என்பதை, இன்று இருபது மடங்கு பெருக்கம் வேண்டுமென அவாவுவோர் கருத்திற் கொள்க.

இப்போரிலே கண்ணாடிக்கு ஒரு புதிய பகை வெளிப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே வில்லைகளின்மேற் பூஞ்சணம் படர்ந்தது. சிலந்தி வலை போலப் படரும் அது, காலஞ்செல்லத் தான் சுரக்கும் அமிலத்தாற் கண்ணாடியையே அரித்து, துடைத்தாலும் நீங்காத வடுவை விட்டுச் செல்லும். கண்டி வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதன் மிகுந்திருக்கும் இந்நகரிலே, பள்ளி ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியும் வீட்டு நிழற்படக் கருவியும் இப்பகைக்கு ஆளாதல் இயல்பு. யேனாவுக்கு ஏற்ற கருவி மகாவலிக் கரைக்கும் ஏற்றதாகும் என்பதில்லை.

தெரிவு செய்யும் நெறி

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு, கண்ணாடியைத் தெரிவு செய்யும் முறையை நோக்குவோம்.

முதலாவது, உருப்பெருக்கத்துக்கு மயங்கலாகாது. பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தாற் பிரித்தால் வருவது, பார்வைத்துண்டிலிருந்து வெளிப்படும் ஒளிவட்டத்தின் விட்டம். 32 மில்லிமீற்றர் வில்லை நான்கு மடங்கு பெருக்கினால் ஒளிவட்டம் 8 மில்லிமீற்றர். பன்னிரண்டு மடங்கு பெருக்கினால் 2.7 மில்லிமீற்றர் அளவினதே. மங்கிய ஒளியில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரை விரியும்; நடுவயதினர்க்கு 5 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். ஆகவே அந்தி வேளையிற் பெருக்கம் மிகுந்த கருவி பெரிய இருளையே காட்டும். பெருக்கம் கூடுந்தோறும் பார்வைப் பரப்பும் சுருங்கும். கையின் நடுக்கமும் பெருகித் தோன்றும்.

இரண்டாவது, நிறக்கரையை நோக்குக. வெண்மையான வானத்தின் எதிரே கரிய கிளையொன்றைப் பார்த்தால், விளிம்பில் ஊதாவோ பச்சையோ படர்ந்திருப்பது கண்ணாடியின் குறையைக் காட்டும். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் சிறப்புக் கண்ணாடியால் ஆகிய வில்லைகளில் இக்கரை மிகக் குறைந்திருக்கும். டொலண்டும் அபேயும் உழைத்த உழைப்பின் பயன் அதுவே. இவ்வாறு பார்க்கும்பொழுது சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது, கண் கெடும்.

மூன்றாவது, கூர்மையை நடுவில் மட்டுமன்றி ஓரத்திலும் ஆராய்க. அச்சிட்ட தாளொன்றை ஐம்பது மீற்றர் அப்பால் ஒட்டி, எழுத்துக்களைப் படித்துப் பார்த்தல் எளிய சோதனை. ஒரே பெருக்கமுடைய இரு கருவிகளுள், ஒன்று சிறிய எழுத்தைப் படிக்கத் தந்து மற்றையது தாராதாயின், விலைச்சீட்டைப் பாராமலே உயர்வு தாழ்வை அறியலாம். கடையின் விளக்கொளியில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடியே. ஹந்தானை மலைமுகட்டில் மாலை மூடுபனி இறங்கும் வேளையிற் பார்ப்பதே உண்மையான தேர்வு.

நான்காவது, பூச்சினை வினவுக. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் தெறிக்கச் செய்யும். பத்துப் பரப்புக்களைக் கடந்தால் எஞ்சுவது மூன்றில் இரண்டு பங்களவே. இழந்த ஒளி குழலினுள்ளே அலைந்து விம்பத்தின்மேல் வெண்திரை விரிக்கும். 1935 ஆம் ஆண்டிற் சைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா, மெல்லிய படையொன்றைப் பூசி இத்தெறிப்பைக் குறைக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஒரு பரப்பின் இழப்பு நூற்றுக்கு அரைப்பங்காகக் குறையின், அதே பத்துப் பரப்பினூடும் 95 பங்கு ஒளி வந்து சேரும். ‘பூச்சுடையது’ என்பதும் ‘எல்லாப் பரப்பிலும் பல்படைப் பூச்சுடையது’ என்பதும் ஒன்றல்ல. முன்னையது ஒரு பரப்பிற் பூசியதற்கும் பொருந்தும் சொல்.

ஐந்தாவது, கண்டி போன்ற ஈரநிலத்துக்குக் காப்பு இன்றியமையாதது. குழலினுள்ளிருக்கும் ஈரக்காற்றை நீக்கி, உலர்ந்த நைதரசனை நிரப்பி, இறப்பர் வளையத்தால் அடைத்த கருவியே இங்கு நிலைக்கும். கண்ணாடியைக் காப்பதற்கும் இறப்பரே வேண்டியதாயிருத்தல் காண்க. பழைய கருவியை வாங்குவோர், சிறு மின்சூளின் ஒளியை ஒரு முனையிற் செலுத்தி மறுமுனையிற் பார்த்தாற் பூஞ்சணத்தின் நூலிழைகளைக் காணலாம். தோலுறையில் அடைத்து வைத்தலிலும், ஈரமுறிஞ்சும் சிலிக்காக் களியோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் நன்று.

ஆறாவது, கண்ணாடி எத்துணை நன்றாயினும், குறுக்குக்கம்பி அதிர்ச்சியால் இடம்பெயருமாயின் பயனில்லை. திருத்தும் திருகாணியைச் சில படிகள் முன்னும் பின்னும் திருப்பி, மீண்டும் அதே இடத்தில் நிற்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். பிறிச்சாட் கண்ட குறை இன்றும் மறைந்துவிடவில்லை.

இன்னுமொன்று கூறுதல் கடனாகும். இந்நாட்டில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி உத்தரவுப் பத்திரமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை வரையறுத்துள்ளது. உரிமை பெற்றோரும், அசைவதொன்று யாதெனக் காண்பதற்குத் துப்பாக்கித் தொலைகாட்டியைப் பயன்படுத்தலாகாது. அங்ஙனம் நோக்குங்கால் துப்பாக்கியின் வாயும் அதனை நோக்கியே நிற்கும். புதருக்குள் அசைவது பன்றியா, விறகு பொறுக்கும் மனிதரா என்பதை இருகண் தொலைகாட்டியால் முன்னரே தெளிதல் வேண்டும். தெளிந்த கண்ணாடியின் தலையாய பயன், சுடத் தகாததைச் சுடாது விடுவதற்கு உதவுவதேயாகும்.

முடிவுரை

மேற்கூறிய நெறி துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. உடவத்தக்கலைக் காட்டிற் பறவை நோக்கும் மாணவனுக்கும், பள்ளிக்கு நுணுக்குக்காட்டி வாங்கும் அதிபருக்கும், நிலமளப்போருக்கும் அது பொருந்தும். நம் மாணவர் பௌதிகவியற் பாடத்தில் வில்லைச் சூத்திரத்தை மனப்பாடஞ் செய்கின்றனர். கையிற் கிடைத்த வில்லை நல்லதா தீயதா என ஆராயப் பழகுவோர் சிலரே. சூத்திரம் பரீட்சைக்கு உதவும். ஆராய்ச்சியே நாட்டுக்கு உதவும்.

அண்டை நாடாகிய இந்தியா இத்துறையிற் காட்டிய வழி கருதத்தக்கது. கல்கத்தாவில் 1950 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தில், ஆத்மா ராம் என்னும் அறிஞரின் தலைமையில் ஒளியியற் கண்ணாடி ஆக்கும் முறையைத் தம் முயற்சியாற் கண்டறிந்தனர். நமது நாட்டிலே நாத்தாண்டிய, மாரவிலப் பகுதிகளிற் கண்ணாடிக்குரிய வெண்மணல் உண்டு. ஒளியியற் கண்ணாடியையோ பிற நாடுகளிலிருந்தே பெறுகின்றோம். அன்று இறப்பர்ப் பாலை விற்றோம். இன்றும் மணல் நம்மிடத்தும் அறிவு பிறரிடத்தும் இருத்தல் நன்றன்று.

கண்டிக் கொல்லன் பிறர் கொணர்ந்த துவக்கைக் கண்டு அஞ்சி நின்றானல்லன். அதனைப் பிரித்து நோக்கி, அதனினும் அழகியதொன்றைச் செய்தான். அவன் செய்யாது விட்டது கண்ணாடி ஒன்றே. அது நம் தலைமுறைக்கு எஞ்சிய பணி. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் நகரத் தெருக்களிலிருந்தும் வந்து ஒரே வாங்கில் அமர்ந்து கற்கும் மாணவர், வில்லையொன்று கையிற் கிடைக்கும்பொழுது அதனூடு நோக்குவதோடு அமையாது, அதனையே நோக்கி, ‘இஃது எவ்வாறு ஆயிற்று?’ என வினவுவாராக.